முதலில் என் மூக்கு, பிறகு அவர்கள் கை

அம்மை குத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

எனக்குப் பிரிவு உபசாரம் நடந்த அன்று, "அண்ணாச்சி, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று எல்லோரும் கேட்டீர்கள். நான் எழுந்தேன், மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தேன், உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருஷ வேலையிலும் அது மாறவில்லை. அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

ஊசியை எப்படிப் பிடிப்பது, குத்துகிற மருந்தான அம்மைப்பாலை வெயில் படாமல் எப்படிக் காப்பது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது ஒரு திங்கட்கிழமையையும் ஒரு செவ்வாய்க்கிழமையையும் பற்றி. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று. இப்போது எழுத உட்காரும்போதே கால் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் கடற்கரைத் தெருவுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயரைக் குறித்து வரப் போயிருந்தேன். தெரு முனையில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா என் பெட்டியைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, சவரிமுத்து வீட்டுக்கா போறீரு? அவன் மச்சினன் ராயப்பன் கொழும்புத் தோணியில வந்து வெள்ளிக்கிழமையில இருந்து படுத்துக் கெடக்கான். நேத்து மொகத்துல முத்து போட்டிருக்காம்."

சவரிமுத்து சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிப்பு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அதே கடலில் அதே ஆட்கள் அப்போது சங்குக்காக இறங்கினார்கள். நம் கரையில் அப்போது நாலு வள்ளங்கள். வள்ளத்துக்குப் பத்துப் பேர். மூச்சை அடக்கி ஏழெட்டு ஆள் ஆழத்துக்குப் போய், மணலைத் தடவி, சங்கோடு மேலே வருவார்கள். சவரிமுத்து முதல் வள்ளத்தின் தலைவர். அவர் ஒரு சொல் சொன்னால் மற்ற மூன்று வள்ளங்களும் கேட்கும்.

அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். பாயில் ராயப்பன் படுத்திருந்தான். முகம், உள்ளங்கை, பாதம் எல்லா இடத்திலும் முத்து. எல்லாம் ஒரே பருவத்தில். இரண்டாவது முறை பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பெரியம்மை. அவன் விலாவோடு ஒட்டி, ஏழு மாதக் குழந்தை ஒன்று வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. சவரிமுத்துவின் மகள் புஷ்பம். அம்மை குத்தாத குழந்தை.

ராயப்பனை ஊருக்கு வெளியே இருந்த தனிக் கொட்டகைக்கு வண்டியில் அனுப்புவதில் ஒரு தகராறும் இல்லை. அவன் அக்கா பிலோமி, அதாவது சவரிமுத்துவின் மனைவி, அழுதபடியே பாயைச் சுருட்டிக் கொடுத்தார். ஆனால் நான் பெட்டியைத் திறந்ததும் சவரிமுத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மூடும் அதை" என்றார்.

நான் என்னவோ சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் இடது கையைக் காதுக்கு மேல் குவித்து வைத்து, "என்ன சொல்லுதீரு? சத்தமாச் சொல்லும். போன வருஷம் நீரு குத்தின பொறவு எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. எல்லோரும் கடற்கரை ஆட்கள், எல்லோருக்கும் உரத்த தொண்டை. ஒருவர் பின்னாலிருந்து, "கிட்டப் போய்ச் சொல்லும்வே, அவன் ஒண்ணும் கடிக்க மாட்டான்" என்றார்.

நடந்தது இதுதான். முந்தின வருஷம், சங்கு குளிப்புத் தொடங்கின சமயம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சங்குக் கொட்டகையில் வைத்து நான் இந்த ஆட்களுக்கு அம்மை குத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை, ஒரு நாள் ஓய்வு கிடைக்கும் என்று நானே யோசித்துச் செய்தது. அதில் எனக்குப் பெருமை கூட. அடுத்த வாரத்தில் ஒருவர் பின் ஒருவராகக் காதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்கள். ரத்தம் வடிந்தது. சவரிமுத்துவுக்கு வலது காது இளவயதிலேயே போனது. அந்த வாரம் இடது காதும் கிழிந்தது. அம்மைப்பால் உடம்புக்குள் போய்க் காதை உடைத்துவிட்டது என்று கரை முழுவதும் நம்பியது. எட்டாம் நாள் நான் கை பார்க்கப் போனபோது யாரும் என்னோடு பேசவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. கூச்சம். ஆபீஸுக்கு வந்து, எல்லோர் கையிலும் அம்மைப்பால் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எழுதிவிட்டேன். கையைப் பார்த்தேன், காதைப் பார்க்கவில்லை. என் முதல் தவறு அது என்று வெகு நாள் நினைத்திருந்தேன். அதைவிடப் பெரியது பின்னால் வருகிறது.

"எங் காது போச்சு" என்றார் சவரிமுத்து. "நான் கடல்ல கெடக்குதவன், எனக்கு அது போதும். எம் மவளும் செவிடாகணுமா? அவ அம்மா தாலாட்டுப் பாடுதா. அது அவளுக்குக் கேக்கணும். குத்த விட மாட்டேன்."

தெருவில் இருந்த மற்ற அம்மாமாரும் தங்கள் பிள்ளைகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டார்கள்.

நான் ஆபீஸுக்கு ஓடினேன். எங்கள் டாக்டர் என்னைவிட இருபது வயது இளையவர். சென்னையில் படித்து முடித்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"குழந்தை அவன் பக்கத்துலயே படுத்துட்டு இருந்துதா? அப்படின்னா நமக்கு நேரமே இல்லை. தொத்தின முதல் மூணு நாலு நாளைக்குள்ள குத்திட்டா அம்மைப்பால் முந்திக்கும். அதுக்கு அப்புறம்னா பெரியம்மை முந்திக்கும். நாளைக்குள்ள முடிச்சாகணும். போலீஸைக் கூட்டிட்டுப் போய் குத்திடுவோம்."

நாலு கான்ஸ்டபிள்கள் தெரு முனையில் தலை காட்டினால் போதும், குழந்தைகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு முயல் தீவுக்கோ மணப்பாட்டுக்கோ போய்விடுவார்கள். இங்கே ஒரு தெருவில் இருக்கும் நோய் கரை முழுவதும் இறங்கும். இதை டாக்டரிடம் சொல்ல எனக்கு மூன்று தடவை தொண்டையைச் செரும வேண்டியிருந்தது. ஆனால் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"சரி. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டயம். அதுவரைக்கும் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகக்கூடாதுன்னு உத்தரவு போடறேன். மத்தியானத்துக்கு மேல நான் போலீஸோட வருவேன்."

நான் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"என்ன?"

"ஐயா, அம்மைப்பால் காதை உடைக்குமா?"

இருபது வருஷம் அம்மை குத்தினவன் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குத் தெரியாது, அதனால் கேட்டேன். தெரியாததை நாம் கேட்காவிட்டால் தெருவில் இருப்பவர்கள் அதற்கு ஒரு பதிலை வைத்துக்கொண்டு நம்மைத் திருப்பி அனுப்புவார்கள்.

டாக்டர் மேஜையில் இருந்த டம்ளரை எடுத்து, அதன் வாயில் ஒரு எண்ணெய்க் காகிதத்தை வைத்து நூலால் இறுக்கினார். விரலால் தட்டினார். டப் என்றது.

"காதுக்குள்ள இந்த மாதிரி ஒரு தோல் இருக்கு. சத்தம் வந்து இதுல மோதும், இது அதிரும். அந்த அதிர்வு உள்ளே போய்ச் சேர்ந்தாத்தான் நமக்குக் கேக்கும். தோலுக்கு அந்தப் பக்கம் காத்து. அந்தக் காத்து எங்கிருந்து வருது தெரியுமா? தொண்டையில இருந்து. மூக்குக்கும் தொண்டைக்கும் பின்னால இருந்து காதுக்கு ஒரு சின்னக் குழல் போகுது."

"பீடிப் புகை" என்றேன் நான்.

"என்னது?"

"சங்கு குளிக்கிறவங்கள்ல சிலபேர் பீடியை இழுத்து, வாயையும் மூக்கையும் மூடிட்டு, காது வழியாப் புகை விடுவாங்க ஐயா. வேடிக்கைக்கு. காது கிழிஞ்சவங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "நான் அஞ்சு வருஷம் புஸ்தகத்துல படிச்சதை அவங்க பீடியில காட்டுறாங்க. அதே குழல்தான். ஆழத்துக்குப் போகப் போக தண்ணி வெளியில இருந்து தோலை அமுக்கும். அவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உள்ளுக்குள்ளேயே ஊதுவாங்க, பார்த்திருப்பீங்க. அப்போ காத்து குழல் வழியா காதுக்குப் போய் உள்ளே இருந்து தாங்கும். சளி பிடிச்சா குழல் வீங்கி அடைச்சுக்கும். காத்து போகாது. தண்ணி அமுக்கும், தோல் கிழியும்." எண்ணெய்க் காகிதத்தை விரலால் ஓங்கிக் குத்திக் காட்டினார். "அம்மைப்பால் இந்தப் பக்கமே வராது. போன வருஷம் அவங்களுக்குச் சளி இருந்துதான்னு கேளுங்க. போங்க."

தம்பிகளே, நான் அன்று நடக்கவில்லை. ஆபீஸ் படியிலிருந்து கடற்கரை வரைக்கும் ஓடினேன். மத்தியான வெயிலில் பெட்டியோடு ஒரு நடுவயது மனுஷன் ஓடுவதைப் பார்த்து உப்பு வண்டிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

வள்ளங்கள் கரைக்கு வந்து கொண்டிருந்தன. ஈர மணலில் ஒரு குச்சியால் நாலு வள்ளம் வரைந்தேன். ஒவ்வொரு ஆளாகப் போய்க் கேட்டேன். போன வருஷம் அந்த வாரத்தில் காது போனதா, சளி இருந்ததா. இரண்டே கேள்வி. அவர்களுக்கு என் மேல் கோபம் இருந்தாலும், தன் காதைப் பற்றிக் கேட்டால் பேசாத குளியாள் கிடையாது. காது போனவர்களுக்கு வள்ளத்துக்குள் ஒரு கோடு போட்டேன்.

முதல் வள்ளத்தில் நாலு கோடு. இரண்டாவதில் மூன்று. எல்லோருக்கும் சளி இருந்திருக்கிறது. மூன்றாவது வள்ளத்தில் மூன்று கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தேன். மூன்றாவது வள்ளத்துக்கு நான் அம்மை குத்தவே இல்லை. கொட்டகையில் அவர்களும் வரிசைக்காக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் முறை வருவதற்குள் அம்மைப்பால் தீர்ந்துபோய், திருப்பி அனுப்பினேன். கொட்டகைக்கு வந்தவர்கள் எல்லோரும் குத்திக்கொண்டவர்கள் என்றே கரை எண்ணிவிட்டது. குத்தாதவர்களுக்கும் காது போயிருக்கிறது.

நாலாவது வள்ளம் அந்தச் சனிக்கிழமை வேம்பார்ப் பக்கம் போயிருந்தது. அடுத்த வாரம்தான் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு என்னோடு வேலை பார்த்த இன்னொருவர் குத்தினார். அந்த வள்ளத்தில் பத்துப் பேருக்கும் கையில் தழும்பு இருந்தது. ஒருவருக்கும் சளி இல்லை. ஒரு காதுகூடப் போகவில்லை.

நான் குச்சியைக் கீழே போட்டேன். குத்தாத வள்ளத்தில் காது போனது. குத்தின நாலாவது வள்ளத்தில் போகவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் ஒரு வருஷமாக ஒரு கரையே சுமந்துகொண்டிருந்த பயத்தை மணலில் போட்ட பத்துக் கோடு அழித்துவிட்டது. பக்கத்தில் நின்ற கிழவர், "ஏன்வே தனியாச் சிரிக்கீரு?" என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

நேராகச் சவரிமுத்து வீட்டுக்குப் போனேன். அவர் கோயிலுக்குப் போயிருந்தார். ராயப்பனுக்காகப் பூசைக்குச் சொல்லப் போனதாகப் பிலோமி சொன்னார். அவர் மடியில் புஷ்பம் உட்கார்ந்து என் பெட்டியின் பித்தளைப் பூட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் நாலு வள்ளத்துக் கதையையும் மூச்சு விடாமல் சொன்னேன். நான் அவ்வளவு பேசி அந்த அம்மா கேட்டதே இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிலோமி, "சரி அண்ணாச்சி. அம்மைப்பாலு இல்ல, சளிதான். அந்தச் சளி மூணு வள்ளத்துக்கும் ஒண்ணாச் சேந்து எங்கன இருந்து வந்துச்சு?" என்றார்.

"பனிக்காத்துல வந்திருக்கும்."

"நாலாவது வள்ளத்துக்கு மட்டும் காத்து அடிக்கலையோ?"

பிலோமி குழந்தையின் கையிலிருந்து பூட்டை மெதுவாக விடுவித்தார்.

"அன்னைக்குக் கொட்டகைக்குள்ள ஒமக்கு நான் சுக்குத் தண்ணி கொண்டாந்து தந்தேன். மறந்துட்டீரா? மூக்கு ஒழுகிக்கிட்டு, தும்மித் தும்மிக் குத்திக்கிட்டு இருந்தீரு. மணல் பறக்குதுன்னு கதவையும் சாத்தி வச்சிருந்தீரு."

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. நாலாவது வள்ளத்துக்கு ஏன் இன்னொருவர் போனார்? நான் சளிக் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன், அதனால்தான். சனிக்கிழமை லேசாக ஆரம்பித்தது. லீவு கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு போய்விட்டேன். அடைத்த கொட்டகைக்குள் முப்பது பேர். இருபது பேரின் முகத்துக்கு நேராகக் குனிந்து குத்தினேன். பெரியம்மை வராமல் காக்கப் போனவன் கையோடு சளியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதோடு அவர்கள் கடலில் இறங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்று போகும்போது, "காய்ச்சல், சளி ஏதாவது இருந்தா ரெண்டு நாள் கடலுக்குப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பாதிப் பேருக்குக் காது மந்தம் என்று எனக்குத் தெரியும். என் குரல் எப்படிப்பட்டது என்றும் எனக்குத் தெரியும். தலை ஆட்டினால் கேட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பிலோமி மெதுவாகச் சொன்னார். "எம் பிள்ளைக்கு இப்பவே குத்திரும்னு சொல்ல எனக்கு வாய் வருது. ஆனா அவரு சம்மதிக்காம குத்தினா, நாளைக்கு இவளுக்கு ஒரு காதுவலி வந்தாலும் காலம் பூரா என்னைத்தான் சொல்லுவாரு. இந்தச் சுக்குத் தண்ணி விசயத்தை நான் அவருகிட்டச் சொல்ல மாட்டேன். சொல்லணும்னா நீரே சொல்லும்."

சொல்லாமலும் இருக்கலாம், பாருங்கள். நாலு வள்ளத்துக் கணக்கே போதும். அம்மைப்பால் குற்றமில்லை என்று அது காட்டுகிறது. யார் தும்மினது என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பிலோமி கேட்ட கேள்வியை நாளைக்கு நாற்பது பேரில் ஒருவராவது கேட்பார். அப்போது நான் பனிக்காற்று என்று சொன்னால், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். காது மந்தமானவர்களுக்குக் கண் கூர்மை. அன்று ராத்திரி நான் சாப்பிட்டேனா என்று எனக்கு நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நாலு வள்ளமும் கரையில் கிடந்தன. கடலுக்குப் போகவிடவில்லை என்று எல்லோருக்கும் ஆத்திரம். மீன் வாங்க வந்த பெண்கள், பிள்ளைகள், வலை தைக்கிறவர்கள் என்று தெருவே மணலில் இருந்தது. சவரிமுத்து ஒரு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

நான் போய் நடுவில் நின்றேன். வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுபடி மணலில் நாலு வள்ளத்தை வரைந்தேன். கோடு போட்டேன். பேசாமல் செய்யும் வேலை என்பதால் அது சுலபமாக இருந்தது. கூட்டம் நெருங்கி வந்தது. மூன்றாவது வள்ளத்துக்குக் குத்தவில்லை என்பதையும், நாலாவதுக்குக் குத்தினதையும் அந்த வள்ளத்து ஆட்களே கையைத் திருப்பித் திருப்பிக் காட்டி ஒப்புக்கொண்டார்கள். எனக்குச் சங்கடம் குறைந்தது.

அப்போது சவரிமுத்து கேட்டார். "அப்ப எங்க காது எதுல போச்சு?"

"சளியில."

"கேக்கல."

"சளியில."

"ஏலே, இவரு வாய் அசையுது, சத்தம் வரல" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

என்ன வந்ததோ தெரியவில்லை. வள்ளத்தின் மேல் ஏறி நின்றேன். வாழ்க்கையில் அதற்கு முன் அப்படிக் கத்தினதில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

"சளியில போச்சு. அந்தச் சளியை ஒங்களுக்குக் குடுத்தது நான். எனக்குச் சளி இருந்துச்சு. லீவு போடாம வந்தேன். கதவைச் சாத்திட்டு ஒங்க மொகத்துக்கு நேராத் தும்மினேன். அம்மைப்பால் மேல தப்பு இல்ல. தப்பு எம்மேல."

கலங்கரை விளக்கம் வரைக்கும் கேட்டிருக்கும் என்று பிற்பாடு பிலோமி சொன்னார். நான் வள்ளத்திலிருந்து இறங்கவும் தெரியாமல் நின்றேன். அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அடித்தாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளைக்குக் குத்தவிட்டால் போதும் என்று இருந்தது.

சவரிமுத்து எழுந்து என் பக்கத்தில் வந்தார். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கீழ எறங்கும்."

இறங்கினேன்.

"மூக்கைச் சிந்தும்."

"என்ன?"

"இப்ப ஒமக்குக் காது கேக்கலையா? மூக்கைச் சிந்தும் பாப்போம்."

அத்தனை பேர் முன்னால் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினேன். ஒன்றும் வரவில்லை. அவர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"வாயத் தெறயும்."

திறந்தேன். அவர் குனிந்து தொண்டைக்குள் பார்த்தார். என்ன தெரிந்ததோ, ஆழத்தில் சங்கு தேடுகிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இருமும்."

இருமினேன்.

"வறட்டு இருமல் மாதிரி இருக்கே."

"பயத்துல வருது" என்றேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு கூட்டம் சிரித்தது. "ஏளா பிலோமி, பிள்ளையக் கொண்டா" என்றார்.

குழந்தையை அவரே மடியில் வைத்துக்கொண்டார். நான் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டேன். கதவு இல்லை, கொட்டகை இல்லை. ஒரு பாயை நிழலுக்குப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திறந்த கடற்கரையில், காற்று வீசும் இடத்தில் குத்தினேன். புஷ்பம் ஒரு அழுகை அழுதாள். பிறகு என் முகத்துத் துண்டை இழுக்கப் பார்த்தாள். அடுத்தாற்போல் மூன்றாவது வள்ளத்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து என்னை மூக்கைச் சிந்தச் சொன்னார்கள். அவசியமில்லை, வேடிக்கைக்காக. நானும் ஒவ்வொரு தடவையும் சிந்தினேன். மூக்கு சிவந்துவிட்டது.

மத்தியானம் டாக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தபோது வரிசை தெரு வரை நீண்டிருந்தது. டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு கான்ஸ்டபிள் நழுவப் பார்த்தார். "ஓய், கையக் காட்டிட்டுப் போவும்" என்று ஒரு அம்மா அவர் சட்டையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார்.

அதற்குப் பிறகு எட்டு நாள் என் உயிர் என்னிடம் இல்லை. அம்மைப்பால் முந்துமா, பெரியம்மை முந்துமா? தினமும் போய்ப் பார்த்தேன். நாலாம் நாள் குழந்தையின் கையில் ஒரு சிவப்பு மொட்டு. ஆறாம் நாள் அதில் நீர் கோத்தது. எட்டாம் நாள் முத்துப் போல் நடுவில் குழிந்து நின்றது. பிடித்துவிட்டது. லேசான காய்ச்சல். உடம்பில் வேறு எங்கும் ஒரு புள்ளி இல்லை. ஆனால் சவரிமுத்துவுக்கு இன்னும் ஒரு பயம் பாக்கி இருந்தது.

குத்தி மூன்று வாரம் ஆனபோது, பொருக்கு உதிர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். ராயப்பன் பிழைத்துக்கொண்டான் என்றும், முகத்தில் தழும்போடு கொட்டகையிலிருந்து வீட்டுக்கு வரப்போகிறான் என்றும் அன்றுதான் தகவல் வந்திருந்தது. தெருவில் வேறு ஒருவருக்கும் நோய் வரவில்லை. வாசலில் புஷ்பம் அம்மாவின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சவரிமுத்து பேச வேண்டாம் என்று எனக்கு விரலால் சாடை காட்டிவிட்டு, குழந்தைக்குப் பின்னால் சத்தமில்லாமல் போய்க் குந்தினார். கையில் ஒரு காய்ந்த பனையோலைத் துண்டு. அதைக் குழந்தையின் வலது பக்கமாக, ஒரு கை தள்ளி, மெதுவாக நசுக்கினார்.

புஷ்பம் வலது பக்கம் திரும்பினாள்.

அவர் மறைந்துகொண்டார். இடது பக்கம் போய் நசுக்கினார். இடது பக்கம் திரும்பினாள். அவர் ஓலையைத் தன் காதோடு வைத்து நசுக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி" என்றார். "இவ திரும்புதா."

அந்த ஓலை தூளாகும் வரை வலதும் இடதுமாக நசுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில், "பிள்ளைக்குக் கழுத்து சுளுக்கிரும், விடும்" என்று பிலோமி திட்டினார். அப்போதுதான் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய ஓலைத் தூளைத் தட்டிவிட்டு, என் பெட்டியைத் தன் தோளில் தூக்கிக்கொண்டார்.

"அந்தப் பக்கத்துத் தெருவுல இன்னும் பிள்ளைக கெடக்கு. ஆனா அங்க உள்ளவுக என்னைய மாதிரி இல்ல, கொஞ்சம் முரடு. நீரு பேசாம வாரும். சத்தம் போட நான் இருக்கேன்."

அவர் முன்னால் நடந்தார். நான் துண்டை உதறி மூக்கில் கட்டிக்கொண்டு பின்னால் போனேன்.